கோழிகள் கொழுத்த மார்கழி

வருஷக் கடைசி வந்துவிட்டால் நம் வயதுக்காரர்கள் கூடுகிற இடத்தில் பேச்சு ஒன்றுதான். யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யாருக்குக் கொழுப்பு எவ்வளவு, யார் வீட்டு மகள் முறுக்குச் சட்டியைப் பூட்டி வைத்துவிட்டாள். நீங்கள் சொல்லி நானும், நான் சொல்லி நீங்களும் கேட்டாயிற்று. போன வாரம் என் மகன் ஒரு தாளைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் ஒட்டினான். பெருநாள் மாதங்களில் குடும்பம் என்ன சாப்பிடலாம், எப்போது நடக்கலாம், எப்போது படுக்கலாம் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. "பாருங்கம்மா, இந்த வருஷம் எல்லாரும் ஒழுங்கா இருப்போம்லா" என்றான். நல்ல பிள்ளை, குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டங்களைப் பார்த்ததும் நின்று படிக்காமல் திரும்பி நடந்துவிட்டேன். ஏன் என்று அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் படையெடுத்து வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய கதை இது. எனக்கு ஒன்பது வயது. சூலியா தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் எங்கள் வாடகை வீடு. முன்னால் அஞ்சடி நடைபாதை, நடுவில் வானம் தெரிகிற முற்றம், பின்னால் கிணற்றடியும் கோழிக்கூடும். அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்காவான அத்தை. அத்தை இளம் வயதிலேயே தாலியறுத்து, தம்பி வீட்டோடு கப்பலேறி வந்தவள். நீளமானவள், ஒல்லியானவள், பேசினால் வெடுக்கென்று பேசுவாள். வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும். எனக்கு அவளைக் கண்டால் ஆகாது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பின்னால் இது வேண்டியிருக்கும்.

அந்த வருஷம் அப்பா கப்பல் கம்பெனியில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா ஆனார். சம்பளம் ஏறியது, சட்டைக் காலர் விறைத்தது, வீட்டு அரிசி மாறியது. அதுவரை நாங்கள் சாப்பிட்டது ரங்கூன் புழுங்கல். சிவப்பேறி, தடித்து, ஒரு வாடை அடிக்கும். தோட்டத்துக் கூலிகளுக்கு முதலாளிகள் மூட்டை மூட்டையாய் அளந்து போட்டதும் அதே அரிசிதான். "பெரிய கிராணி வீட்டுல தோட்டத்து அரிசியா?" என்று அப்பா சயாம் பச்சரிசி வாங்கிப் போட்டார். மில்லில் தீட்டித் தீட்டி வந்த அரிசி. உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் காட்டுவார். "பாரு, பல்லு மாதிரி இருக்கு" என்பார். எனக்கும் பெருமைதான். அரிசியைத் தீட்டிய தவிடு தனியாக ஒரு சாக்கில் மலிவாக வரும். அது கோழிகளுக்கு.

தீபாவளி கழிந்த ஐந்தாம் நாள் தம்பி பிறந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் மூன்று பிள்ளைகள் பிறந்து தங்காமல் போயிருந்தன. அதனால் வீட்டில் யாரும் உரக்கச் சந்தோஷப்படவில்லை. அத்தைதான் ஈரப்புடவையோடு தண்ணீர்மலை முருகன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்து நின்று நேர்ந்தாள். "முருகா, இது தங்கட்டும். தைப்பூசம் வரைக்கும் பெத்தவ ஒரு பொழுதுதான் சாப்பிடுவா. பச்சரிசிச் சோறுதான். மீன் கவிச்சி தொடமாட்டா. அதுவரைக்கும் பிள்ளை வாசப்படி தாண்டாது. மலையிலதான் முதல் முடி, பால்குடம் எடுக்கிறோம்." கொஞ்சம் நிறுத்தி, "நானும் கூட இருக்கேன்" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விதவை ஒரு பொழுது சாப்பிடுவது அந்தக் காலத்தில் ஒரு செய்தியா?

ஏன் பச்சரிசி என்று நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. புழுங்கல் ஒரு தடவை வெந்துவிட்ட அரிசி, அதை விரதத்துக்கு வைக்கக் கூடாது என்பார்கள். நம் வீடுகளில் எல்லாம் இருந்த வழக்கம்தான். அதற்கு மேல் பிள்ளை பெற்ற பத்தியம். பருப்பும் பயறும் வாயு, பிள்ளைக்கு வயிறு உப்பும். கீரை குளிர்ச்சி, பிள்ளைக்குச் சளி பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது. எல்லாக் காரணங்களும் போக அம்மாவின் இலையில் மிஞ்சியது வெள்ளைச் சோறு, மிளகு ரசம், உப்பு. அவள் உச்சிப் பொழுதில் ஒரு முறை அதைச் சாப்பிடுவாள். அவள் எழுந்த பிறகு அத்தை அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். அவள் தட்டில் என்ன இருந்தது என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

நான் மட்டும் எப்படிக் கொழுகொழுவென்று இருந்தேன் என்று கேட்பீர்கள். அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பக்கத்து வீட்டில் சாச்சி இருந்தாள். சூலியா தெருவில் காசு மாற்றும் கடை வைத்திருந்தவரின் மனைவி. தெருவே சாச்சி, அதாவது சின்னம்மா என்று கூப்பிட்டதால் நாங்களும் சாச்சி என்றே கூப்பிட்டோம். அந்த வருஷம் ரம்ஜான் நோன்பும் மார்கழியும் ஒன்றாக வந்தன. பொழுது சாயும் முன்னே சாச்சி தினமும் நடுச்சுவருக்கு மேல் ஒரு தூக்குச்சட்டியை நீட்டுவாள். நோன்புக் கஞ்சி. புழுங்கல் அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், சில நாள் கொத்துக்கறி. "பிள்ள பெத்தவளுக்குக் குடுடி, பால் ஊறும்" என்பாள். கவிச்சி பட்டதை விரத வீட்டில் எங்கே வைப்பது? மறுப்பதும் மரியாதை இல்லை. "வாங்கிக்கோ, கோழிக்கு ஊத்திடு" என்று அத்தை என்னிடம் மெதுவாகச் சொல்வாள். நான் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் பாதியை என் வயிற்றுக்கும் பாதியைக் கோழித் தொட்டிக்கும் ஊற்றுவேன். அந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. கோழிகள் தவிடும் கஞ்சியுமாகத் தின்று நடக்க மாட்டாமல் நடந்தன.

கிறிஸ்துமஸுக்குக் கம்பெனித் துரை வீட்டிலிருந்து ஒரு கூடை வந்தது. பிஸ்கட் டின், பழக் கேக், ஒரு புட்டி ஜாம். கேக்கில் சாராயம் இருக்குமென்று அத்தை மோந்து பார்த்து மேல் தட்டில் வைத்துவிட்டாள். அப்பாவுக்கு ஆபீஸ் நான்கு நாள் அடைப்பு. அவர் வீட்டில் இருந்தபோதுதான் முதலில் கவனித்தார். "என்னக்கா, பய அழுறதே இல்லையே?"

"நல்ல நேரத்துல பொறந்தவன். அழுது ஊரைக் கூட்ட மாட்டான்" என்றாள் அத்தை.

பிறந்த புதிதில் அவன் அழுதால் சந்து முழுக்கக் கேட்கும். அந்தக் குரல் எப்போது சிறுத்தது என்று எனக்கு நினைவில்லை. முதலில் கம்மியது, பிறகு பூனைக்குட்டி மாதிரி ஆனது, பிறகு வீடு அமைதியாகிவிட்டது. வந்தவர்கள் எல்லாம் சாரோங் துணியில் கட்டிய தொட்டிலுக்குள் குனிந்து பார்த்து, "எவ்ளோ சமர்த்துப் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆங்கில வருஷப் பிறப்பன்று அப்பா புதுக் காலண்டரின் அட்டையைத் திருப்பி, சிவப்பு மையிலும் கறுப்பு மையிலும் கோடு போட்டு ஓர் அட்டவணை எழுதினார். தலைப்பு 'குடும்ப ஆரோக்கியம்'. காலை ஐந்து மணிக்கு எழுவது. அப்பாவுக்கு இருபது தண்டால், ஒரு முட்டை. எனக்குப் பல் தேய்த்து, ஒரு முட்டை. மாதம் ஒரு முறை விளக்கெண்ணெய். பாசார் பலகாரம் கூடாது. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு தனிக் கட்டம்: சுத்தமான வெள்ளைச் சோறு, மிளகு ரசம், வேறு எதுவும் கலக்கக் கூடாது. அத்தைக்குக் கட்டமே இல்லை. அதை அப்பா முற்றத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டி, இரண்டடி பின்வாங்கி நின்று ரசித்தார்.

அதே நாள் அம்மாவின் கொலுசு கழலவில்லை. அத்தை தேங்காயெண்ணெய் தடவித் திருகிப் பார்த்தாள், சோப்பு போட்டு இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. கடைசியில் நகை செய்கிற பத்தரைக் கூப்பிட்டுச் சிறிய அரத்தால் அறுத்து எடுத்தார்கள். கணுக்கால் மேல் கொலுசின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். "உடம்பு வச்சுட்டா! அட்டவணை வேலை செய்யுது பாத்தியா?" என்று அப்பா குதூகலித்தார். ஒரே நாளில் அட்டவணை வேலை செய்யுமா என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவும் சிரித்தாள். பிறகு என் காதில், "கால் மரத்துக் கெடக்குடி, என் கால் மாதிரியே இல்ல" என்றாள். நான் அதை அத்தையிடம் போய்ச் சொன்னேன். "பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும். நீ போய் எழுத்து எழுது" என்று விரட்டினாள்.

பொங்கலுக்கு முந்திய வாரம் ஒரு நாள் நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன். சாரோங்கை விலக்கிப் பார்த்தேன். தம்பி வாயைப் பெரிதாகத் திறந்திருந்தான். முகம் கறுத்துச் சிவந்து, நெற்றி சுருங்கி, கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. அவன் கத்திக்கொண்டிருந்தான், சத்தம் மட்டும் வரவில்லை. என் கை தொட்டில் கயிற்றிலேயே ஒட்டிக்கொண்டது. ஐயோ, இவன் சமர்த்துப் பிள்ளை இல்லை, இத்தனை நாளும் அழுதுகொண்டே இருந்திருக்கிறான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சொன்னேன். அப்பாவிடம் சொன்னேன். "பால் குடிச்சிட்டுக் கொட்டாவி விடுறான்" என்றார். அம்மாவிடம் சொன்னேன். அவள் பயந்துபோய் அத்தையைப் பார்த்தாள். அத்தை என் வாயில் ஒரு தட்டுத் தட்டினாள். "பூசம் வர்ற நேரத்துல அபசகுனமா வாய வைக்காதே. மூணு போனது போதாதா? நேர்ந்துகிட்டது முருகன் காதுல விழுந்திருக்கு. அவன் பாத்துக்குவான்." அவள் குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்கியது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை நினைக்கப் பயந்திருக்கிறாள்.

பொங்கலன்று ஆபீஸ் கிராணிகள் மனைவிமார்களோடு வந்திருந்தார்கள். முற்றத்தில் பானை பொங்கி, வெல்லம் தீய்ந்த வாசனை வீடெங்கும். அப்பா ஒவ்வொருவராகச் சுவர்ப்பக்கம் அழைத்துப்போய் அட்டவணையை வாசித்துக் காட்டினார். ஒருவர், "பிள்ளை எங்கே? குரலே கேக்கலியே, நல்ல பிள்ளைலா இது!" என்றார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். நான் தொட்டிலுக்குப் போனேன். உதட்டைச் சுற்றி நீலம் பூத்திருந்தது. மூச்சு வயிற்றிலிருந்து வெட்டி வெட்டி வந்தது.

நான் அவனைத் தூக்கினேன். பூசம் வரைக்கும் தாண்டக் கூடாத வாசப்படியைத் தாண்டினேன். அந்த வயதில் எனக்கு முருகனைவிட அத்தையிடம்தான் பயம், ஆனாலும் தாண்டினேன்.

சாச்சி நோன்போடு பயறு கழுவிக்கொண்டிருந்தாள். பிள்ளையை வாங்கினாள். அவன் வாயைத் திறந்தான். அவள் முகம் செத்துவிட்டது. "யா அல்லா! எத்தினி நாளா இப்படி?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து."

"என் மூத்தது இப்படித்தான் வாயத் தொறந்துச்சு. சத்தம் வரல. மூணாம் நாள் மையத்தாப் போச்சு." அவள் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். ஆண்கள் இருக்கிற முன்கட்டுக்கு ஒரு நாளும் வராதவள், விருந்தாளிகள் நடுவில் பிள்ளையோடு வந்து அப்பா முன்னால் நின்றாள். "தம்பி, இது நல்ல பிள்ள இல்ல. சாவப் போற பிள்ள. டாக்டரைக் கூப்புடுங்க" என்றாள்.

ஒரு கிராணி டாக்டரைக் கூப்பிட ஓடினார். அத்தை ஓடிவந்தாள். பிள்ளை வாசப்படி தாண்டியதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

டாக்டர் தன் மோட்டாரில் வந்தார். வயதானவர், அவசரப்படாதவர். பிள்ளையின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு அம்மாவின் பாதத்தைத் தன் பெருவிரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. வெகுநேரம் நிரம்பவில்லை. அந்தக் குழியை நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"தாய் என்ன சாப்பிடறாங்க?"

அப்பா பாவம், முகம் மலர்ந்துவிட்டார். அட்டவணையைக் காட்டினார். டாக்டர் கண்ணாடியைத் தூக்கி அதை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். "அரிசியைத் தீட்டினாங்களே, அந்தத் தவிடு இந்த வீட்டுல யாருக்கு?"

நான்தான் சொன்னேன். "கோழிக்கு."

"அதான் கோழிக்குக் குரல் நல்லா இருக்கு" என்றார். அவர் சிரிக்கவில்லை. பின்பக்கம் சேவல் கத்தியது. பிறகு அப்பாவிடம் மெல்ல விளக்கினார். அரிசியின் உயிர் தவிட்டில் இருக்கிறது. மில்லில் அதைச் சுரண்டி எறிந்துவிடுகிறார்கள். புழுங்கலில் அது வேகும்போதே உள்ளே இறங்கிவிடும். அதனால் அதைச் சாப்பிடுகிற தோட்டத்துக் கூலிக்கு இந்த வியாதி வராது. தாயிடம் இல்லாத சத்து பாலிலும் இருக்காது. கால் வீங்கி, இதயம் வீங்கும். பிள்ளைக்கு முதலில் குரல் போகும். அவர் கறுப்பாக ஒரு குப்பி மருந்து கொடுத்தார், தவிட்டிலிருந்து இறக்கியது. பிள்ளைக்குத் துளித்துளியாக அது, கொஞ்ச நாள் டின் பால். அம்மாவுக்கு இன்றைக்கே புழுங்கல் சோறு, பயறு, தவிடு ஊறிய நீர். "நாளைக்குன்னு தள்ளாதீங்க. ரெண்டு உசிரு" என்று சொல்லிப் போனார்.

அப்பா ஆணியோடு அட்டவணையைப் பிடுங்கினார். அதைக் கிழிக்கவும் தெரியாமல் வைக்கவும் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். பெரிய கிராணி அழுது அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் அம்மா வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டாள். "பூசத்துக்குப் பதினஞ்சு நாள்தான் இருக்கு. இப்ப நான் விரதத்த முறிச்சா முருகன் பிள்ளைய எடுத்துக்குவான். மூணு எடுத்தவன் நாலாவது எடுக்க யோசிப்பானா? நான் சாப்பிட மாட்டேன்." அப்பா கெஞ்சினார். சாச்சி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கெஞ்சினாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். பிள்ளை சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினான்.

அத்தை கோழித் தொட்டி பக்கத்தில் கிடந்த சாச்சியின் தூக்குச்சட்டியை எடுத்தாள். கிணற்றடியில் உட்கார்ந்து சாம்பல் போட்டுத் தேய்த்தாள், பளபளவென்று ஆகும்வரை. அதை எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாச்சி வீட்டு அடுப்படிக்குள் போனாள். "ஒரு மாசமா நீ தந்த கஞ்சிய நான் கோழிக்கு ஊத்தினேன். மனசுல வைக்காதே. இருந்தா எங்க வீட்டுப் பொண்ணுக்குக் கொஞ்சம் கொடு."

சாச்சி, "எனக்குத் தெரியும்க்கா. கோழிங்க கொழுத்ததப் பாத்தேன்ல" என்றாள். கறி போடாத கஞ்சி தனியாகக் காய்ச்சிக் கொடுத்தாள்.

அத்தை கஞ்சிச் சட்டியோடு பூஜை மாடத்துக்கு முன்னால் நின்றாள். வழக்கமாகக் கைகூப்புகிறவள், அன்று இடுப்பில் கை வைத்து நின்றாள். "இந்தா பாரு. நேர்ந்துகிட்டது என் வாய். அவ வாய் இல்ல. அவ சாப்பிடுவா. விரதம் முறியல, நான் இருக்கேன். கேக்கறதா இருந்தா என்னைக் கேளு" என்றாள். பிறகு அம்மாவின் தலையை மடியில் சாய்த்து, மூக்கைப் பிடித்து மருந்து புகட்டுகிற மாதிரி முதல் வாய் ஊட்டினாள். அம்மா விம்மிக்கொண்டே விழுங்கினாள்.

நான்காம் நாள் தம்பியின் உதட்டு நீலம் போனது. பத்தாம் நாள் தொட்டிலிலிருந்து துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்பா சவரம் பண்ணிக்கொண்டிருந்தவர் பாதி முகச் சோப்போடு ஓடிவந்தார். "இன்னொரு தடவை அழு ராஜா, இன்னொரு தடவை" என்று கெஞ்சினார். அம்மாவின் கால் வடிந்தது. டாக்டர் மூன்று நாளுக்கொரு முறை வந்து அம்மாவின் பாதத்தை அழுத்திப் பார்ப்பார். அவர் வரும்போதெல்லாம் அத்தை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். வீட்டில் புழுங்கல் வந்துவிட்டது, எல்லாரும் அதையே சாப்பிட்டோம். மிச்சமிருந்த வெள்ளை அரிசிச் சாக்கை யாரும் தேடவில்லை.

மத்தியான வேளையில் அத்தைக்குக் கால் பிடித்துவிடுவது என் வேலை. கொஞ்ச நாளாக அவள் என்னைக் கூப்பிடவில்லை. பூசத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, அவள் அசந்து தூங்குகையில் நானாகப் போய் உட்கார்ந்து பிடித்தேன். புடவைக்குக் கீழே கால் கனத்துக் கிடந்தது. என் பெருவிரலை எடுத்தேன். குழி. நிரம்பவில்லை.

அவள் விழித்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் அந்தக் குழியைப் பார்த்தோம்.

"அத்தே, நீங்க இன்னும் வெள்ளைச் சோறா..."

"உஷ்." புடவையை இழுத்து மூடினாள். "அஞ்சு நாள். மலை ஏறிப் பால ஊத்திட்டு வந்து உன் கஞ்சியக் குடிக்கிறேன், போதுமா? யார்கிட்டயாவது சொன்னே, உன் தம்பி மேல ஆணை."

தம்பி மேல் ஆணை என்றால் நான் என்ன செய்வேன்? இதைத்தான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் முழு உண்மை அதுவும் இல்லை. அம்மாவைப் பட்டினி போட்டவள்தானே, கொஞ்சம் வலிக்கட்டுமே என்று ஒரு சின்னக் குரல் எனக்குள் இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு குரூரம் இருக்குமா என்று கேட்காதீர்கள். இருந்தது.

பூசத்தன்று அத்தைதான் பால்குடம் எடுத்தாள். சந்திலிருந்து தண்ணீர்மலை வரைக்கும் கூட்டத்தோடு நடந்தோம். தாரில் வெயில் காய்ந்தது, தேங்காய் உடைத்த தண்ணீர் காலில் பிசுபிசுத்தது. மலையடியில் தம்பிக்கு முடி இறக்கினார்கள். கத்தி பட்டதும் அவன் வீறிட்டான். அடேயப்பா, என்ன குரல்! பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்தினார்கள். குடத்தோடு முதல் படியில் கால் வைத்திருந்த அத்தை அப்படியே நின்று, திரும்பாமல், அவன் ஓயும்வரை கேட்டாள். பிறகு ஏறினாள். பத்துப் படிக்கு ஒரு தரம் நின்றாள். மூச்சு வாங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. "கூட்டத்துல புழுக்கம்" என்று அப்பாவிடம் சொன்னாள். ஒரு சொட்டுச் சிந்தாமல் பாலைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

ரிக்‌ஷாவில் திரும்பும்போதே அவளுக்கு உட்கார முடியவில்லை. அன்று சாயங்காலம் அம்மா கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மறுநாள் காலையில் டாக்டர் வந்தார். அத்தையின் பாதத்தைப் பெருவிரலால் அழுத்தினார். விரலை எடுத்துவிட்டுக் குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இவங்க என்ன சாப்பிட்டாங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். இருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

உள்ளே தம்பி பசிக்குக் கத்த ஆரம்பித்தான். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்திருந்தார். அப்பா பதறி, "அவனை வெளியில தூக்கிட்டுப் போ" என்றார். அத்தை கையை லேசாகத் தூக்கினாள். "இருக்கட்டும்டா. அழட்டும். கேக்குது" என்றாள். மத்தியானத்துக்கு முன்னால் போய்விட்டாள்.

அந்த அட்டவணை எங்கே போனது என்று தெரியவில்லை. அறுத்த கொலுசை உருக்கித் தம்பிக்கு அரைஞாண் செய்தார்கள், அதுவும் ஜப்பான் காலத்தில் போயிற்று. தம்பி இருக்கிறான், நீங்களே பார்த்திருப்பீர்கள். டெலிபோனில் பேசினால் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும். அவனிடம் நான் இந்தக் கதையை முழுதாகச் சொன்னதில்லை.

இந்தப் பொங்கலுக்கும் வீடு நிறையும். மகன் ஒட்டிய தாள்படி எல்லாரும் அளவாகச் சாப்பிடுவார்கள். மருமகள் நின்றுகொண்டே பரிமாறுவாள். நான் கேட்பேன், "நீ என்ன சாப்பிட்டே?" "அப்புறம் சாப்பிடறேன் அத்தே" என்பாள். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள், கிழவிக்கு வருஷா வருஷம் இதே கேள்விதான் என்று. சிரிக்கட்டும். அவள் தட்டைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்காரும்வரை நான் சோற்றில் கை வைப்பதில்லை.